ரயிலுக்கு வழிவிட்ட பாவு

சிவமயம்

காஞ்சிபுரம்,
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை.

என் பிரியமுள்ள வீட்டுக்காரருக்கு,

வள்ளி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே உங்கள் அப்பா, அம்மா, தங்கச்சி மகா, நான் எல்லாரும் ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் நன்றாகத்தான் இருக்கிறோம். உங்கள் சுகத்தையும் இப்போது அவர்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் எழுதினால்தானே! சரி, அந்தச் சண்டையைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். இன்று சந்தோஷ சமாசாரம் எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன், என்னால் அடக்க முடியவில்லை. நாங்கள் ஒரு மிலிட்டரி ரயிலை வடக்கே அனுப்பி வைத்தோம். நாங்கள் என்றால் நம் தெருதான். உங்கள் அப்பா, அத்தை, நான், எதிர்வீட்டுப் பொன்னியம்மாள், இன்னும் தறியை விட்டு எழுந்து வந்த எல்லாரும். சிரிக்காதீர்கள், முழுக்கப் படியுங்கள்.

உங்கள் போன கடிதத்தை வீட்டில் எல்லாரும் மனப்பாடம் செய்துவிட்டோம். போனை வாங்கி வைத்துவிட்டார்கள், இனிமேல் கடிதம்தான் என்று எழுதியிருந்தீர்களே, அதுதான். மலையடிவாரத்தில் இருக்கிற கடைசி ஸ்டேஷன் வரைக்கும் ஒற்றைத் தண்டவாளம், எதிரே ஒரு வண்டி வந்தால் இது ஒதுங்கி நிற்க வேண்டும், பழைய பாலத்தில் நடை வேகத்தில்தான் விடுகிறார்கள், ரயில் வந்து சரக்கை இறக்கினால்தான் உங்கள் லாரிகள் மேலே ஏற முடியும் என்று எழுதியிருந்தீர்கள். ஆள் இருக்கிறது, லாரி இருக்கிறது, சரக்கு மட்டும் வழியில் எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறது என்றும், பனிக்கால உடுப்பு இன்னும் வந்து சேராததால் காவல் முடிந்து வருகிறவர் கழற்றிக் கொடுப்பதை அடுத்தவர் மாட்டிக்கொண்டு போகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். பனி விழுந்து பாதை மூடுவதற்குள் அது வந்தாக வேண்டும் என்ற வரியை அத்தை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள்.

உங்கள் அப்பா என்ன செய்தார் தெரியுமா? கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அங்கே கச்சேரிதான். எவன்டா அவன், நம்ம புள்ளைங்களுக்குப் போற சரக்கை நடுவழியில குந்த வெச்சிக்கினு இருக்கறவன், எங்கையில மட்டும் கெடச்சான்னா பாவு பிரிக்கற மாதிரி இழை இழையா பிரிச்சிடுவேன் என்பார். தண்டவாளம் ரெண்டு பத்தலன்னா நாலு போடறதுக்கு என்ன கேடு என்பார். டீக்கடையில் இருக்கிறவர்கள் இவரைக் கிளப்பிவிடுவதற்காகவே ரயில் பேச்சை எடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் நியூஸ் போட்டுவிட்டு டிவியோடு சண்டை. நான் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய் சிரிப்பேன். சிரித்தாலும் அவர் கேட்பது நியாயம்தான் என்றும் தோன்றும்.

இப்படி இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இந்த வருஷம் ஐப்பசி நம்மைச் சும்மா விடவில்லை. தறிமேட்டில் ஒழுகி, தார்ப்பாயைக் கட்டித் தறியைக் காப்பாற்றினோம். மகாவுக்குத் தை மாதம் முகூர்த்தம் வைத்திருக்கிறதே, அவள் கல்யாணப் புடவைக்கான நீள இழைகளை அரக்கு நிறத்தில் பாவாக ஓட்டி வைத்தது மழையில் கஞ்சி போட வழியில்லாமல் அப்படியே கிடந்தது. உங்கள் அப்பா வானத்தைப் பார்ப்பதும் பாவைப் பார்ப்பதுமாக இருந்தார். மூன்று வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை விடிகாலையில் வானம் வெளுத்தது. அவர் எல்லாரையும் எழுப்பிவிட்டார்.

பாவு எங்கே நீட்டினோம் என்று கேட்பீர்கள். தெருவில் இப்போது எங்கே இடம்? இரண்டு பக்கமும் பைக், நடுவில் ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோ. அதனால் நம் ஸ்டேஷனில் மூடிக்கிடக்கிற கூட்ஷெட்டுக்குப் போய்விட்டோம். நீங்கள் கிரிக்கெட் ஆடின அதே இடம். ரயில் வராத அந்தப் பழைய சைடிங், ஓரத்துக் கிளைத் தண்டவாளம், நன்றாக நேராக, நிழலும் வெயிலும் கலந்து இருக்கிறது. நீங்கள் போன லீவில் வந்து போனபிறகு மொத்தத் தெருவும் அங்கே குடியேறிவிட்டது. பாவு கட்ட நம்மவர்கள் தண்டவாளத்துக்கு நடுவிலேயே முளை அடித்துவிட்டார்கள். பொன்னியம்மாள் தண்டவாளத்தின்மேல் வரட்டி தட்டிக் காய வைக்கிறாள். யாரோ ஆட்டைக் கட்டுகிறார்கள். இது ரயில் போகிற பாதை என்பதே எங்களுக்கு மறந்துபோய்விட்டது. தெரு என்றே நினைத்துவிட்டோம்.

நீங்கள் தறியை விட்டுப் பட்டாளத்துக்குப் போய் வருஷம் பல ஆயிற்று, ஈரப் பாவு என்றால் என்ன என்று மறந்திருப்பீர்கள். ஞாபகப்படுத்துகிறேன். கஞ்சி போட்டு நீட்டியதைக் காயாமல் சுருட்டினால் இழையோடு இழை ஒட்டி அப்பளம் ஆகிவிடும். தொய்ய விட்டால் சிக்கு. அறுப்பது என்ற பேச்சே நம் வீட்டில் கிடையாது. அதனால் நம் தெருவில் ஈரப் பாவை யாருக்காகவும் எடுக்கிற வழக்கமில்லை. கலெக்டர் ஜீப் வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சாமி புறப்பாடு வந்தால் மட்டும் தெருவே சேர்ந்து பாவை அப்படியே தோளுயரத்துக்குத் தூக்கி ஓரம் கட்டும். அதற்கு மேலே யாருக்கும் மரியாதை இல்லை.

கஞ்சி போட்டு, இழை பிரித்து, முதல் வெயில் பட்டுப் பாவு மினுமினுக்க ஆரம்பித்த நேரம். ஸ்டேஷனில் ஒரே பரபரப்பு. ஒரு கூட்ஸ் வண்டி வந்து நின்று வெகுநேரம் ஆகியும் நகரவில்லை. உங்கள் அப்பா அதைப் பார்த்துவிட்டு, பாத்தியா, இப்பிடித்தான் அங்கயும் நிறுத்தி வெச்சிருப்பானுங்க என்று ஆரம்பித்தார். அப்போதுதான் ஸ்டேஷன் மாஸ்டர் ஜல்லிமேல் வேகவேகமாக நடந்து எங்களிடம் வந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சம்யுக்தா. மாகறல் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண், மகாவைவிட இரண்டொரு வயது கூட இருப்பாள். இங்கே மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் பொன்னியம்மாளிடம் வரட்டிக்காக இரண்டு தடவை சண்டை போட்டு, இரண்டு தடவையும் தோற்றிருந்தாள். அதனால் இப்போதும் வரட்டிச் சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தோம். கிட்டே வந்ததும் பார்த்தால் முகம் வெளுத்திருந்தது.

அவள் விளக்கினதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். மழையில் மெட்ராஸ் பக்கம் பெரிய லைனில் தண்ணீர் ஏறிவிட்டதால் தெற்கே இருந்து வருகிற வண்டிகளை நம் ஒற்றை லைனில் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அரக்கோணத்திலிருந்து ஒரு கூட்ஸ் வந்து நம் ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கிறது. ஆனால் அது ஒதுங்குகிற பாதையைவிட நீளம். தலை உள்ளே, வால் மெயின் லைனில். பின்னால் போகலாம் என்றால் முந்தின ஸ்டேஷனில் ஒதுங்குகிற பாதையை ஒரு பாசஞ்சர் பிடித்துக்கொண்டு நிற்கிறது, இதற்கு அங்கே இடமில்லை. முன்னால் போகலாம் என்றால் எதிரே, நம் சிக்னலுக்கு வெளியே, ஒரு மிலிட்டரி ஸ்பெஷல் நிற்கிறது. அதுதான் போக வேண்டிய வண்டி. அரக்கோணத்தில் அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் தவறினால் மழையில் தேங்கின மற்ற வண்டிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று, எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு வழி இருக்கிறது என்றாள். கூட்ஸின் முன்பாதியைக் கழற்றி என்ஜினோடு கொண்டுவந்து இந்த சைடிங்கில் தள்ளிவிட்டால், என்ஜின் திரும்பிப் போய் மீதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். வாலும் உள்ளே வந்துவிடும், மெயின் லைன் காலியாகிவிடும். எல்லாம் காலிப் பலகை வண்டிகள்தான், கனம் இல்லை, கேங்மேன் துரைக்கண்ணு தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்து மெதுவாக விடலாம் என்று சொல்லிவிட்டார், மேலதிகாரிகளிடமும் போனில் உத்தரவு வாங்கிவிட்டேன், சைடிங்தான் வேண்டும் என்றாள்.

உங்கள் அப்பா விடுவாரா? ஈரப் பாவும்மா, சாயங்காலம் வா, கலெக்டரே வந்தாலும் எடுக்க மாட்டோம் என்று கையை விரித்தார். பிறகு வழக்கமான பாட்டை எடுத்தார். நீங்க ரயில்வேக்காரங்கதான் எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிக்கினு இருக்கறீங்க, எம்புள்ள அங்க குளிர்ல நின்னுக்கினு இருக்கறான், அவனுக்குப் போற சரக்கை எவன் நிறுத்தி வெச்சிருக்கறான்னு சொல்லு மொதல்ல என்று சத்தம் போட்டார்.

அந்தப் பெண் கொஞ்சமும் குரலை உயர்த்தவில்லை. பெரியவரே, அங்க யாரு நிறுத்தறாங்கன்னு எனக்குத் தெரியாது, இங்க இப்ப நிறுத்தி வெச்சிருக்கறது உங்க பாவுதான் என்றாள்.

உங்கள் அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு மாதமாகத் தேடின ஆள் கிடைத்துவிட்டார்! பொன்னியம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா? அண்ணே, அவனைப் பாவு பிரிக்கற மாதிரி பிரிச்சிடுவேன்னு சொன்னீங்களே, இப்ப யாரைப் பிரிக்கறது என்று கேட்டாள்.  எனக்குள்ளேயோ, உங்களுக்குப் போகிற வண்டியாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம், மகாவின் புடவை போய்விடுமே என்று ஒரு நிமிஷம், இரண்டும் மாறிமாறி வந்தது.

மகாதான் முதலில் பேசினாள். அறுத்துடுப்பா, நான் கடையில வாங்கின பொடவை கட்டிக்கறேன், எனக்கு ஒண்ணும் இல்ல, அண்ணன் குளிர்ல இருக்கறாரு என்று சொல்லி அரிவாளை எடுக்கவே போய்விட்டாள். உங்கள் தங்கச்சியை அதுவரை நான் சிணுங்குகிற குழந்தை என்றுதான் நினைத்திருந்தேன். அன்று அவள்மேல் எனக்கு வந்த பிரியத்தை எழுத முடியாது.

உங்கள் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அறுக்கற பேச்சு பேசாத என்றார். குனிந்து பாவை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, சாமி வந்தா என்ன பண்ணுவோம் என்று கேட்டார். தூக்குவோம் என்றேன் நான். அப்பறம் என்ன நின்னுக்கினு இருக்கறீங்க, சாமி அவுட்டர்ல நிக்குது, தூக்குங்கடா என்றார்.

சொல்வது சுலபம். தெருவில் என்றால் ஓரமாக நகர்ந்தால் போதும். இங்கே ஒரு பக்கம் ரயில் லைன், மறுபக்கம் இடுப்பு உயரத்துக்குக் கூட்ஷெட் மேடை. மேடைமேல் ஏற்றியாக வேண்டும். அதுவும் ஒரு தலை முன்னாலும் ஒரு தலை பின்னாலும் போகாமல், பாவு முழுக்க ஒரே சமயத்தில் ஏற வேண்டும். நடுவில் ஒரு முழம் தொய்ந்தாலும் கதை முடிந்தது. கீழே இருக்கிறவர்கள் கொடுக்க, மேலே இருக்கிறவர்கள் வாங்க வேண்டும் என்று உங்கள் அப்பா ஆளைப் பிரித்தார். கீழே ஆண்கள், மேலே பெண்கள். பாவின் தலைப்பக்கத்தை எந்நாளும் யாரிடமும் கொடுக்காதவர் என்னைப் பார்த்து, வள்ளி, தலைமாடு நீ வாங்கிக்க, இழுப்பு விட்டுடாதே என்றார். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் என்னைப் பாவின் கால்மாட்டுக்குக்கூட விடாதவர்! நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையில் ஏறிவிட்டேன்.

ஆள் போதவில்லை. அந்த நேரத்தில் அவுட்டரில் நின்ற வண்டியிலிருந்து ஏழெட்டு ஜவான்கள் என்ன தாமதம் என்று பார்க்க நடந்து வந்தார்கள். நம் பாஷை ஒருவருக்கும் தெரியவில்லை. சம்யுக்தா இந்தியில் சொன்னாள். உடனே வந்து கை கொடுத்தார்கள். ஒரு ஆஜானுபாகுவான சர்தார் பாவைத் துப்பாக்கி பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்துவிட்டார். உங்கள் அப்பா அவர் விரலைத் தட்டி, யோவ், பொம்பளைப் புள்ள கன்னத்தைத் தொடற மாதிரி புடிய்யா என்று தமிழிலேயே கத்தினார். எப்படிப் புரிந்ததோ, அவர் சிரித்துக்கொண்டே கையைத் தளர்த்தினார்.

முளையைப் பிடுங்கினார்கள். உங்கள் அப்பா ந, ம, சி, வா, ய என்று ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னார். எழுத்துக்கு ஒரு அடி, சாமிக்குத் தூக்குகிற அதே கணக்கு. எல்லாரும் சொன்னோம், சர்தாரும் சொன்னார். மேடையருகே வந்ததும் கடைசி எழுத்தில் கீழிருந்த கைகள் எல்லாம் ஒன்றாக மேலே எழுந்தன. அரக்குப் பாவு மொத்தமும் எங்கள் கைக்கு வந்தது.  ஜரிகை இல்லை, கரை இல்லை, வெறும் ஈர நூல்தான். அதைப்போல அழகாக ஒன்றை நான் கையில் பிடித்ததில்லை.

சிமெண்ட் மேடையில் முளை அடிக்க முடியாது. அதனால் காயும்வரை கையில்தான் பிடித்திருக்க வேண்டும். நாங்கள் பிடித்துக்கொண்டு நிற்க, கீழே ஆண்கள் சைடிங்கைச் சுத்தம் செய்தார்கள். பொன்னியம்மாளின் வரட்டி அத்தனையும் ஒரு நொடியில் பறந்தது. அவள் பாவைப் பிடித்திருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை, வாயால் மட்டும் வைதாள். தண்டவாளம் பிரிகிற இடத்தில் துரு பிடித்து அசைய மாட்டேன் என்றது. துரைக்கண்ணுவும் இன்னும் இருவரும் தொங்கிப் பார்த்தும் முடியவில்லை. மகா தன் பிடியைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி, தறிக்குப் போடுகிற எண்ணெய் டப்பாவைக் கொண்டுவந்தாள். அதை முழுக்க ஊற்றி, கடப்பாரையால் நெம்பி, ஒருவழியாக அது டக்கென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கே எல்லாரும் அரோகரா போட்டார்கள்.

என்ஜின் காலி வண்டிகளைத் தள்ளிக்கொண்டு எறும்பு போல வந்தது. துரைக்கண்ணு பக்கத்திலேயே குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். தண்டவாளம் முனகியது. சம்யுக்தா பச்சைக் கொடியை அசைத்துக்கொண்டே இருந்தாள், அவள் உதடு மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் சாமி மந்திரமாக இருக்கும். ஜவான்கள் தங்கள் வண்டிக்கு ஓடினார்கள். கிளம்புமுன் உங்கள் அப்பா அந்த சர்தாரைப் பிடித்து நிறுத்தி, தன் இரண்டு கையையும் தேய்த்துக் காட்டி, குளிர், குளிர், அதுக்குத் துணி கொண்டு போறீங்களா என்று கேட்டார். அவர் சிரித்தார், தலையை ஆட்டினார், ஓடிவிட்டார். ஆமாம் என்று ஆட்டினாரா, புரிந்தது பெரியவரே என்று ஆட்டினாரா, அது அவருக்குத்தான் தெரியும்.

பிறகு வந்தது பாருங்கள் அந்த வண்டி! இப்படி ஒரு ஊதலை நான் கேட்டதில்லை. தார்ப்பாய் போட்டு மூடின பெட்டிகள், நடுநடுவே ஜவான்கள் இருக்கிற பெட்டிகள், வந்துகொண்டே இருக்கிறது. சைடிங்கில் நின்றது வெறும் பலகை வண்டிகளானதால் அவற்றுக்கு மேலே எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. ஜன்னலில் எல்லாரும் கையை ஆட்டினார்கள். எங்களால் திருப்பி ஆட்ட முடியவில்லை, கையில் பாவு. அதனால் கத்தினோம். தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினோம். வண்டி போன காற்றில் பாவு குலுங்கியது, ஒருவரும் இழுப்பை விடவில்லை. அத்தை மட்டும் கத்தவில்லை. ஒவ்வொரு ஜன்னலாக முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அதில் இருக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கடைசி ஜன்னல் வரைக்கும் பார்த்தார்கள்.

உரிய நேரத்துக்குள் அரக்கோணம் தாண்டிவிட்டது என்று போன் வந்ததும் சம்யுக்தா ஆபீசிலிருந்து ஓடிவந்து சொன்னாள். சொல்லிவிட்டு மேடை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இரவு டூட்டியாம். அவர்கள் பொழுது சாய்ந்தபிறகு சாப்பிட மாட்டார்களே, முந்தின நாள் வெளிச்சம் இருக்கும்போது சாப்பிட்டதுதான். விடிந்தபிறகு சாப்பிட நேரமில்லை. பொன்னியம்மாள்தான் இட்லி கொண்டுவந்து கொடுத்தாள். சட்னியில் வெங்காயம் இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்க, இல்லடி கண்ணு, உனக்காவ பொடிதான் என்றாள். வரட்டிச் சண்டை அத்தோடு முடிந்தது.

பாவு எங்கள் கையிலேயே காய்ந்தது. இரண்டொரு இழைதான் அறுந்திருந்தது, நானே முடிந்துவிட்டேன். உங்கள் அப்பா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சுருட்டும்போதும் தலைமாட்டை என் கையிலேயே விட்டுவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது நம் வீட்டுக் கதை தலைகீழ். சைடிங்கைத் தினம் காலையில் கூட்டிப் பெருக்குகிறவர் யார்? உங்கள் அப்பாதான். முளை அடிக்க வந்த பக்கத்துத் தெருக்காரரிடம், இது பட்டாளம் போற பாதை, தெரியுமா உனக்கு என்று சண்டைக்குப் போகிறார். ஆட்டைக் கட்டவும் விடுவதில்லை. எல்லாப் பாவையும் மேடைமேல்தான் நீட்ட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார். மேடை ஓரம் கம்பம் நட அனுமதி கேட்டு சம்யுக்தா மேலே எழுதியிருக்கிறாள். டீக்கடையில் ரயில்வேயை யாராவது குறை சொன்னால், லைன்ல நின்னு பாத்தாத்தாண்டா தெரியும் கஷ்டம் என்கிறார்! ஆனாலும் தண்டவாளம் நாலு போட வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை. அது எங்கே போகிற வண்டியோ யாருக்கும் தெரியாது என்று சம்யுக்தா பக்குவமாகச் சொல்லிப் பார்த்தாள். எந்தப் புள்ளைக்குப் போனாலும் சரிதாம்மா, ஆனா எம்புள்ளைக்குத்தான் போச்சு என்று முடித்துவிட்டார். நானும் அப்படித்தான் நம்புகிறேன். உங்களுக்கு உடுப்பு வந்து சேர்ந்து, அதை நீங்கள் யாருக்கும் கழற்றிக் கொடுக்காமல் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இனி அந்தச் சண்டை. உங்கள் கடைசிக் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இடையில் ஒரு நாள் டிவியில், வடக்கே மலையடிவாரத்தில் ஒரு ஸ்டேஷன்மேல் குண்டு விழுந்தது என்று சொன்னார்கள். ஊர் பேர் சொல்லவில்லை. அன்றிலிருந்து நம் வீட்டில் டிவி போடுவதில்லை. யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அத்தை அடுப்படியிலேயே நின்றுவிடுகிறார்கள், நான்தான் வாசலுக்குப் போய்வருகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதாமல் முடிக்கலாம் என்றுதான் இவ்வளவு பக்கம் சந்தோஷமாகவே எழுதினேன், முடியவில்லை.

மகாவின் புடவை முந்தானை வரைக்கும் நெய்து முடிந்துவிட்டது. கரையை உடலோடு சேர்க்கிற கோர்வை எப்படி விழுந்திருக்கிறது என்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. ஆனால் உங்கள் அப்பா அதைத் தறியிலிருந்து அறுக்க மாட்டேன் என்கிறார். அப்படியே சுருட்டிவிட்டு அதே பாவில் அடுத்த புடவையைத் தொடங்கிவிட்டார். ஏன் என்று மகா கேட்டதற்கு, உங்க அண்ணன் வந்து அறுத்து எடுத்துக் குடுக்கட்டும், அது அவன் வேலை என்றார். முகூர்த்தம் தையில். 

ஒரு வரி போதும். நன்றாக இருக்கிறேன் என்றுகூட வேண்டாம், சிவபாலன் என்று கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் போவதற்கும் வருவதற்கும் ஒரே வழிதான் என்று சம்யுக்தா சொன்னாள். போவதற்கு நாங்கள் வழி விட்டாயிற்று. சைடிங் சுத்தமாக இருக்கிறது, உங்கள் அப்பா தினமும் எண்ணெய் விடுகிறார். எதிரே எது வந்தாலும் நாங்கள் தூக்கி ஒதுக்கிக்கொள்கிறோம். நீங்கள் அந்த வழியாகவே வீடு வந்து சேருங்கள். காமாட்சி உங்களைக் கைப்பிடித்துக் கூட்டி வரட்டும்.

தறியில் அறுக்காத புடவையோடு காத்திருக்கும்,
உங்கள் வள்ளி.